ஹட்டன் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ரோமாபுரி

ஹட்டன் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற பழைய புத்தகக் கடையில் போன கிழமை 450 ரூபாவுக்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் வாங்கினேன். அட்டை இல்லை, ஓரமெல்லாம் ஈரம் குடித்து ஊதியிருந்தது, ஆனாலும் கொள்ளைநோய் அத்தியாயத்துக்கே கொடுத்த காசு தகும். கி.பி. 165 வாக்கில் பார்த்தியரோடு (அப்போது ஈரான் பக்கம் ஆண்டவர்கள்) நடந்த போருக்குப் போன படையோடு நோய் ரோமுக்குள் வந்ததும், ஆள் போதாமல் ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஒரேலியஸ் அடிமைகளையும், அரங்கில் சண்டை போடும் கிளாடியேட்டர்களையும் படையில் சேர்த்ததும், போர்ச் செலவுக்கு அரண்மனைச் சாமான்களையே ஏலம் விட்டதும் படிக்கப் படிக்க, தேத்தண்ணி ஆறிப்போனது. அப்படியும் அவர் ஆட்சி கவிழவில்லை.

541இல் தொடங்கிய இன்னொரு கொள்ளைநோய் கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியனையே படுக்கையில் போட்டது, அவர் பிழைத்தார். ஆனால் செத்துப்போன பக்கத்துக் காணிக்காரனின் வரியையும் உயிரோடு இருந்தவனிடமே கேட்டார்கள் என்று அந்தக் கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதியிருக்கிறார், அந்த இடத்தில் எனக்கு மனசு கனத்துவிட்டது. நோய் தனியாகப் பேரரசைச் சாய்ப்பதில்லை, வரியும் படையும் தள்ளாடும் நேரத்தில்தான் அடி பலமாக விழுகிறது என்றே எனக்குப் படுகிறது.

கடைக்கார அண்ணன் மழை விடும்வரை கதிரை போட்டுப் படிக்க விடுவார். புத்தகத்தில் ஏதென்ஸ் நகரம் பற்றிய பகுதியில் 4 பக்கம் கிழிந்திருந்ததை மட்டும் முதலிலேயே சொல்லியிருக்கலாம். திரும்பப் போய்க் காட்டியதும் 100 ரூபா தந்தார். சரி, நீங்கள் போனால் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.