செயலிப் பட்டியலோடு மூன்று ஆண்டுகள்: ஓடுமா என்று மட்டும் சொல்லாது

போன வாரம் சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன். என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவரின் தம்பி வந்து உட்கார்ந்தான். போலிடெக்னிக்கில் கணினி படிக்கிறான். "அண்ணே, கிட்ஹப்ல திறந்த மூலச் செயலிங்க பட்டியல் இருக்கே, அதப் பார்த்தே ஆண்ட்ராய்டு கத்துக்கலாமா?" என்றான். கிட்ஹப் என்பது நிரல்களைப் பகிரும் இணையத்தளம். நிரலை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைத்த செயலிகளை, ஆளுக்கொரு வரி விளக்கத்தோடு அங்கே தொகுத்து வைத்ததுதான் அந்தப் பட்டியல். தோசை ஆறும்வரை பேசியும் தீரவில்லை, இங்கே எழுதுகிறேன்.

செம்பனை சிறுதோட்டக்காரர்கள் குலை எடையைக் குறித்து வைக்க ஒரு செயலி செய்துவருகிறேன். தோட்டத்துக்குள் இணைய லைன் கிடையாது. குறித்தது கைப்பேசியிலேயே இருந்து, ரோட்டுக்கு வந்ததும் தானாகப் போய்ச் சேர வேண்டும். பாடக் காணொளிகள் பார்த்தும் இது பிடிபடவில்லை. பட்டியல் வழியாக ஆன்டெனாபாட் என்ற பாட்காஸ்ட் செயலியைக் கண்டேன். பதிவிறக்கம் பாதியில் அறுந்தால் அது என்ன செய்கிறது என்று வரி வரியாகப் படித்தேன். இரண்டே இரவில் விளங்கியது. ஒரு காசு வாங்காமல் யாரோ திறந்து வைத்த நிரல். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு.

ஆனால் அதே பட்டியல் என் சனிக்கிழமைகளை எப்படித் தின்றிருக்கிறது தெரியுமா? ஒரு வரி விளக்கம் ஆசை காட்டும். கிட்ஹப்பில் பிடித்தவர்கள் போட்ட நட்சத்திரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இறக்கி, செயலி செய்யும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் திறந்தால் முழுக்கப் பிழை காட்டும் சிவப்பு எழுத்து. எனக்கு வாய்த்தவற்றில் பெரும்பாலும் ஒரே வரிதான் காரணம்: பில்டு கோப்பில், அதாவது நிரலை ஓடும் செயலியாகக் கட்டுவதற்கான குறிப்பில், ஜேசென்டர். லைப்ரரி எனும் ஆயத்த நிரல் தொகுப்புகளை வைத்திருந்த அந்தக் கிடங்கை மூடப்போவதாக 2021-இலேயே அறிவித்துவிட்டார்கள். 2024-இல் அங்கே போகும் கோரிக்கைகளை மேவன் சென்ட்ரல் என்ற இன்னொரு கிடங்குக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கேயும் இருக்கிற லைப்ரரி கிடைக்கும். ஜேசென்டரில் மட்டும் இருந்தது போனது போனதுதான். மாற்று தேடினால் அது ஆண்ட்ராய்டெக்ஸ் என்ற புதிய லைப்ரரித் தொகுப்பைக் கேட்கும், அதற்கு பில்டு செய்யும் கருவியான கிரேடில் புதியதாக வேண்டும், கிரேடிலுக்குப் புதிய ஜாவா வேண்டும். ஒருமுறை காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவன், குலை ஏற்றிப் போன லாரிகள் ஆலையிலிருந்து காலியாகத் திரும்பும்வரை எழுந்திருக்கவில்லை. கடைசிவரை ஓடவும் இல்லை.

என்றோ ஒருவருக்குப் பிடித்திருந்தது என்றுதான் நட்சத்திரம் சொல்லும். இன்று ஓடுமா என்பது அதற்குத் தெரியாது. 2010-இல் தொடங்கிய எஃப்-டிராய்டு என்ற திறந்த மூலச் செயலிக் கிடங்கில் மூல நிரலை எடுத்து அவர்களே பில்டு செய்கிறார்கள். பில்டு ஆகாவிட்டால் புதிய பதிப்பு அங்கே வராது. கடைசியாகப் புதுப்பித்த தேதியும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். பட்டியலிலும் அப்படி ஒரு தேதி போட்டால் எத்தனை பேருக்கு நேரம் மிஞ்சும்! பராமரிப்பவர்கள் சம்பளமில்லாமல் செய்கிறார்கள், அது தெரியும். செத்துப்போன மூன்று செயலிகளை நீக்கச் சொல்லித் திருத்தம் அனுப்பினேன், நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டார்கள். இருந்தாலும் கோபம் வருகிறது.

அதனால் தம்பியிடம் சொன்னேன்: இப்போதைக்கு அந்தப் பட்டியல் பக்கம் போகாதே. எஃப்-டிராய்டில் இந்த ஆண்டு புதுப்பித்த சின்னச் செயலி ஒன்றை எடு. நிரலை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமக் கோப்பு இருக்கிறதா பார், இல்லையென்றால் அதிலிருந்து நகலெடுக்காதே. முதலில் பில்டு செய், ஓடினால் உட்கார்ந்து படி.

நான் அந்தப் பட்டியலை விடப்போவதில்லை. பெயரே தெரியாத ஒன்றைத் தேடும்போது, மனிதர் எழுதிய அந்த ஒரு வரி விளக்கம்தான் வழி காட்டுகிறது. அடுத்து குலைப் படங்களைச் சுருக்கி அனுப்ப வேண்டும். அதற்காக ஏழு செயலிகளைக் குறித்து வைத்தேன். நேற்றுவரை பில்டு செய்து பார்த்ததில் இரண்டு ஓடுகின்றன.