குடியிருந்து பார்த்த கப்பல்: சிங்கப்பூர் முதல் சவுத்தாம்ப்டன் வரை

இந்தக் கப்பல் பயணத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. குறைத்ததில் பெரும்பங்கு துணி துவைக்கும் அறைக்கு, மீதி காபிக்கு. கப்பல் கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நான் சொல்வதில் முக்கால்வாசி எந்தக் கப்பலுக்கும் பொருந்தும். பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கத்திலிருந்து "பிள்ளைகள் லண்டனில் இருக்காங்க, விமானத்தில் கால் மடக்கி உட்கார முடியலை ஆச்சி, கப்பலில் போனா என்ன" என்று போன் போட்டுக் கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வழி சிங்கப்பூர், கொழும்பு, மொரீஷியஸ், டர்பன், கேப் டவுன், அங்கிருந்து அட்லாண்டிக்கில் மேலே ஏறி ஸ்பெயின் தீவான டெனரீஃப், கடைசியில் சவுத்தாம்ப்டன். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்த பிறகு நிறைய கம்பெனிகள் சூயஸை விட்டுவிட்டு இப்படி ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வந்தன.

ஏஜென்ட் காட்டும் புத்தகத்தில் நீச்சல் குளமும் நாடக மேடையும்தான் இருக்கும். நாலு நாள் பயணத்துக்கு அது போதும். இவ்வளவு நீளமான பயணத்தில் நாம் அங்கே குடியிருக்கிறோம், அதனால் வாடகை வீடு பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டும்: துணி எங்கே காயும், ரசம் கிடைக்குமா, சாயங்காலம் சாய்ந்து உட்கார இடம் இருக்கிறதா. நாடக மேடைப் பக்கம் நான் முதல் வாரத்துக்குப் பிறகு போகவேயில்லை.

அறையை எடுக்கும்போது நடுக்கப்பலில், கீழ்த் தளமாகப் பாருங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. உயரத் தளத்தில் பால்கனியோடு எடுத்து, கேப் டவுனைத் தாண்டியதும் படுத்த படுக்கையான பெங்களூர்க்காரர் ஒருவரை எனக்குத் தெரியும், பாவம், கொடுத்த காசுக்குக் கடலைக்கூட அவர் பார்க்கவில்லை. அறைச் சுவர் இரும்பு, அதனால் காந்தக் கொக்கி பத்து வாங்கிப் போங்கள். துண்டு, பை, தொப்பி, என் வீட்டுக்காரர் செட்டியாரின் வேட்டி எல்லாம் சுவரில் தொங்கும். காலிப் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போய்விடும். நம் வீடுகளில் சாமான் வைக்கவே இரட்டைப் பூட்டுப் போட்ட அறைகள் இருக்கும், அந்தப் பழக்கத்தோடு போனால் முதல் இரண்டு நாள் மூச்சு முட்டும்.

துணி விஷயம்தான் கொடுமை. தளத்துக்கு ஓர் அறை, அதில் சில இயந்திரங்கள், கப்பல் முழுக்க ஓய்வு பெற்றவர்கள், எல்லோருக்கும் காலை எட்டு மணிக்கே துவைக்க வேண்டும். யாரோ ஒருவர் என் துணியை ஈரத்தோடு வெளியே எடுத்து மேஜையில் குவித்துவிட்டு அவருடையதைப் போட்டிருந்தார், கேட்டால் "சாரி டியர்" என்கிறார். இஸ்திரிப் பெட்டியை அறையில் வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும் பயம். அதே காரணத்தால் ரைஸ் குக்கர் கூடாது, மெழுகுவத்தி, ஊதுவத்தி, விளக்கு எதுவும் கூடாது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் எப்படி என்று எனக்கு மனசு கேட்கவில்லைதான், பேட்டரி விளக்கு வைத்துக்கொண்டேன். எங்கள் நகரத்தார் வீட்டுப் பிள்ளையார் நோன்பு நேரத்தில் பயணம் வந்தால் யோசித்துக்கொள்ளுங்கள், மாவில் திரியேற்றி, சுடரோடு வாயில் போட்டு இழை எடுக்க அங்கே வழியே இல்லை.

சாப்பாடு நான் நினைத்ததைவிட மேல். சமையல்கட்டில் நம் நாட்டு ஆட்கள் இருந்தார்கள், முதல் நாள் இரவே சாப்பாட்டுக் கூடத் தலைவரிடம் சொல்லிவைத்தால் மறுநாள் பருப்பு, ரசம், பொரியல் வந்துவிடும். சாதம்தான் கொஞ்சம் குழைவு. காபி மட்டும் எந்த ஜென்மத்திலும் தேறாது. கெட்டுப்போகாத பெட்டிப் பாலும், உப்பு நீக்கிய கடல் தண்ணீரும் சேர்ந்த அந்தத் திரவம், காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீரில் வளர்ந்த நாக்குக்கு ஒரு தண்டனை. எங்கள் அறையில் கெட்டில் கொடுத்திருந்தார்கள், பித்தளை ஃபில்டரும் தூளும் கையில் இருந்ததால் தப்பித்தேன். எல்லாக் கப்பலிலும் கெட்டில் கிடையாது, முன்பே கேளுங்கள்.

சீப்புச் சீடை, தேன்குழல், மாவுருண்டை, பருப்புப் பொடி எல்லாம் தூக்குச் சட்டியில் போட்டு எடுத்துப் போனேன், எதுவும் கெடவில்லை. எங்கள் ஐயா காலத்தில் மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ராஜுலா ஓடியது. 1926-இல் கட்டிய கப்பல், ஆயிரக்கணக்கான பேர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போவார்களாம். நம் பலகாரத்துக்கு அந்தப் பழக்கம் இன்னும் மறக்கவில்லை. ஆனால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் போகும் கப்பலென்றால் கரையில் இறங்கும்போது உணவுப் பொருள் கையில் இருக்கக் கூடாது, ரொம்பக் கண்டிப்பு.

மேற்கே போவதால் அடிக்கடி ராத்திரி ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பின்னால் வைக்கச் சொல்வார்கள், கொழும்பு நேரத்தால் ஒரு தடவை அரை மணியும் வரும். இது பெரிய வரம். லண்டன் போய் இறங்கியபோது தூக்கக் கலக்கமே இல்லை. ஆரம்பத்தில் மட்டும் மூன்றரைக்கே முழிப்பு வந்து இருவரும் மேல்தளத்தில் நடந்துகொண்டிருந்தோம், அங்கே பார்த்தால் நம்மைப் போல இன்னும் இருபது கிழங்கள்! துறைமுகத்தில் இறங்கும்போது கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வையுங்கள். போன் கரை நேரத்துக்குத் தானாக மாறிக்கொள்ளும், கப்பல் அதைப் பார்த்துக் கிளம்பாது. கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலா தாமதமானால் காத்திருப்பார்கள், நாமாக ஆட்டோ பிடித்துப் போனால் காத்திருக்க மாட்டார்கள்.

கொழும்பில் செட்டியார் தெருக் கதிரேசன் கோவிலுக்குப் போனோம். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்து இவர் ஒன்றைச் செலவழிக்காமல் பர்ஸிலேயே வைத்துக்கொண்டார். டர்பன், 1860 நவம்பரில் மெட்ராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் கரும்புத் தோட்டத்துக்கென்று நம் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிய ஊர். அரை நாள் போதவே இல்லை.

கேப் டவுனுக்கும் டெனரீஃபுக்கும் நடுவில் நாள் கணக்காகத் தண்ணீரைத் தவிர ஒன்றும் கிடையாது. இந்தப் பயணம் உங்களுக்கு ஒத்துவருமா என்பது அங்கேதான் தெரியும். சும்மா இருந்தால் சண்டை வரும், அனுபவித்துச் சொல்கிறேன். நான் பின்னல் கூட்டத்தில் சேர்ந்தேன், இவர் சீட்டு ஆடப் போனார், நம் ரம்மியை நாலு வெள்ளைக்காரர்களுக்குப் பழக்கிவிட்டுத்தான் இறங்கினார். நிலநடுக்கோட்டைத் தாண்டும் நாளில் கடல் தேவன் நெப்டியூன் வேஷம் கட்டி, மீனுக்கு முத்தம் கொடுக்கச் சொல்வார்கள். அன்று எனக்குச் சஷ்டி விரதம், ஒதுங்கிவிட்டேன். விருந்து இரவுகளுக்குக் கோட்டு வேண்டுமோ என்று இவர் பயந்தார், பட்டு வேட்டியே போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

டிப்ஸ் தனியாக உண்டா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள், சில கம்பெனிகள் ஆளுக்கு நாளொன்றுக்குப் பதினைந்து இருபது டாலர் போடுகின்றன, மொத்தமாகக் கூட்டினால் தலை சுற்றும். கப்பல் டாக்டரும் விலைதான், காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள். விசா இந்த வழிக்கு: மொரீஷியஸுக்கு முன்கூட்டி எடுக்க வேண்டாம், தென்னாப்பிரிக்காவுக்கு வேண்டும், டெனரீஃப் ஸ்பெயின் என்பதால் ஷெங்கன், கடைசியில் பிரிட்டன். இதில் ஒன்று குறைந்தாலும் கப்பலில் ஏற்ற மாட்டார்கள், அதனால் ஆறு மாதம் முன்பே சென்னைக்கு அலைய ஆரம்பித்துவிடுங்கள்.