பெட்டியில் வரும் பாட்டி அடுக்களை: ஒரு மதிப்புரை

இணையக் கடைகளில் இப்போது ‘பாரம்பரியத் தொகுப்பு’ என்றே ஒரு சரக்கு ஓடுகிறது. ஒரு வார்ப்பிரும்புத் தோசைக்கல், ஒரு கல்சட்டி, ரசம் வைக்க ஒரு ஈயச்சொம்பு. சில இடங்களில் கூடவே பித்தளை டபரா செட். சணல் கயிறு கட்டிய பெட்டி, கோலம் அச்சிட்ட வாழ்த்து அட்டை. புதுக் குடித்தனம் போகிறவர்களுக்குக் கொடுக்கத் தோதான பொருள்தான். சாமான்களும் மோசமில்லை. மூன்றையும் கையாளத் தெரிந்தவருக்கு ஆயுளுக்கும் உழைக்கும். தெரியாதவர் கையில் முதல் மாதத்திலேயே ஒன்று துருப்பிடிக்கும், ஒன்று விரியும், ஒன்று உருகும்.

புதுப் பாத்திரத்தைப் ‘பழக்க’ வேண்டும் என்பார்கள். கன்றைக் கயிற்றுக்குப் பழக்குவதற்கும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குப் பழக்குவதற்கும், கல்லை மாவுக்குப் பழக்குவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல்தான். விளம்பரத்தில் அது ‘சீசனிங்’ ஆனது, பிறகு ‘ப்ரீ-சீசன்ட்’ ஆனது. அதாவது பழக்குகிற பாட்டை வேறு யாரோ பட்டுவிட்டார்களாம். தோசைக்கல்லைப் பொறுத்தவரை இது பாதி உண்மை. கல்சட்டியில் பெரும்பாலும் மேலுக்குத் தடவிய கறுப்பு. ஈயச்சொம்பில் பழக்குவதற்கு ஒன்றுமே இல்லை, எச்சரிக்கைதான் வேண்டும். அட்டையில் இல்லாதது அந்த எச்சரிக்கைதான்.

தோசைக்கல்லில் தொடங்கலாம். 12 அங்குல வார்ப்பிரும்புக் கல் மூன்று கிலோவை ஒட்டி இருக்கும். ஆலையில் ஒன்றிரண்டு முறை எண்ணெய் பூசிச் சுட்டிருப்பார்கள். அது கடைக்கு வந்து சேரும்வரை துருப்பிடிக்காமல் காக்கும், அவ்வளவுதான். வெந்நீரும் சோப்பும் போட்டு ஒருமுறை அழுத்தித் தேய்த்துவிட்டு, உடனே அடுப்பில் வைத்து ஈரம் போக்கவும். துணியால் துடைத்தால் போதாது. இரும்பின் கண்களில் நிற்கிற தண்ணீர்தான் மறுநாள் செம்பழுப்பாகத் தெரிகிறது. வடிகஞ்சியில் ஓர் இரவு ஊறவைப்பது பழைய முறை. செய்யலாம், கெடுதல் இல்லை. ஆனால் புளித்தண்ணீரில் மூன்று நாள் போட்டுவைக்கச் சொல்லும் காணொலிகளை நம்ப வேண்டாம். புளி இரும்பை அரிக்கும்.

அடுத்தது எண்ணெய். இங்கேதான் புதிதாகச் செய்கிறவர்கள் தவறுகிறார்கள். நிறையத் தடவினால் நன்றாகப் பழகும் என்று நினைத்துக் கல்லைக் குளிப்பாட்டுகிறார்கள்; மறுநாள் அது பிசுக்கு பிசுக்கென்று கையில் ஒட்டுகிறது. சூட்டில் எண்ணெய் இறுகிப் படலமாவதுதான் பழக்கத்தின் அடிப்படை. மெல்லியதாக இருந்தால்தான் முழுவதும் இறுகும். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ போதும். தடவி, உலர்ந்த துணியால் எண்ணெயே இல்லை என்று தோன்றும்வரை துடைத்தெடுத்து, நடுத்தரத் தீயில் புகை வந்து அடங்கும்வரை காயவிட்டு, ஆறவிட வேண்டும். இதே வேலை நாலைந்து தடவை. தேங்காய் எண்ணெய் அவ்வளவாக இறுகாது, அதைத் தவிர்க்கலாம். கடைசியில் ஒரு பெரிய வெங்காயத்தை நறுக்கி, கல் முழுக்கப் பரவ வதக்கிக் கொட்டிவிட்டால் மாவுக்குத் தயார்.

முதல் நாலு தோசை ஒட்டும். ஒட்டத்தான் செய்யும். அதற்காகக் கம்பி நார் போட்டுச் சுரண்டினால் பட்ட பாடெல்லாம் போச்சு. சூடு சரியா என்று பார்க்கக் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். துளிகள் முத்து முத்தாக உருண்டு ஓடினால் கல் அதிகம் காய்ந்துவிட்டது; சுர்ரென்று சத்தமிட்டு அங்கேயே வற்றினால் சரி. மாவை வட்டமிடும்போது அது கரண்டியோடு சுருண்டு வந்தாலும் காரணம் சூடுதான். அப்போது அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பது வாசனைக்காக மட்டும் வந்த வழக்கமல்ல. வெங்காயத்தின் ஈரம் கல்லின் சூட்டை இறக்குகிறது, எண்ணெயும் சன்னமாகப் பரவுகிறது. தோசைக்கல்லில் சப்பாத்தி போடாதே என்று பெரியவர்கள் அதட்டியதற்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. எண்ணெய் இல்லாத வறட்டுச் சூடு படலத்தைத் தின்றுவிடும்.

அதட்டினார்கள், காரணம் சொல்லவில்லை. இளையவர்கள் கேட்கவில்லை என்று மூத்தவர்கள் குறைப்படும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பெட்டியோடு வரலாறும் விற்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் அகழாய்வில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 3345 வரை காலம் சொல்லும் அறிக்கையைத் தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. அது முதல் இரும்புச்சட்டி விற்பவர்களுக்கு ஐயாயிரம் ஆண்டுக்குக் குறைந்து பேச வாய் வருவதில்லை. அந்த அறிக்கை இரும்பை உருக்கிக் கருவி செய்த அறிவைப் பற்றியது. அச்சில் வார்த்துவரும் தோசைக்கல்லுக்குச் சான்றிதழ் அல்ல. ‘இரும்புச்சத்து கூடும்’ என்ற வாசகமும் இப்படித்தான். புளிப்பான குழம்பை இரும்புச் சட்டியில் கொதிக்கவைத்தால் இரும்பு இறங்குவது உண்மை. நன்றாகப் பழகிய தோசைக்கல்லிலிருந்து இறங்குவது சொற்பம். எவ்வளவு நன்றாகப் பழகுகிறதோ அவ்வளவு குறைவு.

கல்சட்டி மாக்கல்லில் குடைவது. சேலத்துச் சரக்குக்குப் பேர் அதிகம். மாக்கல் நகத்தால் கீறினாலே கோடு விழும் மெத்தென்ற கல். அதனால்தான் குடைய முடிகிறது, அதனால்தான் எளிதில் உடையவும் செய்கிறது. புதுச்சட்டியின் இயல்பான நிறம் சாம்பல் வெளுப்பு. எண்ணெய் குடித்துச் சூடு கண்டு மாதக்கணக்கில்தான் அது கறுக்கும். பெட்டியில் வரும்போதே பளபளவென்று கறுப்பாக இருந்தால், வெந்நீரில் நனைத்த வெள்ளைத் துணியால் உட்புறம் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஏறினால் அது மேல்பூச்சு. அது போகும்வரை கழுவிவிட்டு முதலிலிருந்து பழக்குவதே உத்தமம்.

முறை சிக்கலானதல்ல, ஆனால் அவசரம் ஆகாது. ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, விளக்கெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்து உள்ளும் புறமும் தடவி விடவும். மறுநாள் கழுவி, மறுபடி தடவவும். ஐந்து நாள் இப்படி. பிறகு வடித்த கஞ்சியைச் சூடு தணிந்து வெதுவெதுப்பாக ஊற்றி இரவு முழுக்க வைக்கவும். இரண்டு மூன்று நாளில் கஞ்சியின் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். அடுப்பில் ஏற்றும் முதல் தடவை சட்டி நிறையத் தண்ணீர், சிம்மில் தீ, அரைமணி நேரம். வெறும் சட்டியை அடுப்பில் வைப்பது, கொதிக்கும் சட்டியைச் சிங்க்கில் வைத்துக் குழாயைத் திறப்பது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராகத் தீயில் வைப்பது: கல்சட்டி விரிந்துபோன வீடுகளில் விசாரித்தால் இந்த மூன்றில் ஒன்றுதான் வரும். இண்டக்‌ஷன் அடுப்பில் இது சூடேறவே ஏறாது. விற்பனைப் பக்கத்தில் இதைக் கொட்டை எழுத்தில் போட வேண்டாமா?

சரியாகப் பழகிய சட்டியில் வத்தக்குழம்பு வைத்துப் பார்த்தால் ஏன் இத்தனை பாடு என்று புரியும். குழம்பு முக்கால் பதத்துக்கு வந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கல் வாங்கிவைத்த சூட்டில் பத்து நிமிடம்வரை தளதளவென்று தானாகவே கொதித்து, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும். எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பழகியவர் முழுப்பதம் வரும்வரை தீயை எரியவிட்டு, அடி கருகிவிட்டது என்று ஒரு நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதுகிறார். அதில் சட்டியின் குற்றம் இல்லை.

ஈயச்சொம்பில் மட்டும் விளையாட்டு கூடாது. பாத்திரத்துக்கு உரியது வெள்ளீயம், அதாவது டின். காரீயம், அதாவது லெட், நஞ்சு; அதுவும் புளித்த ரசத்தில் கரைந்து இறங்கும் நஞ்சு. ‘ஈயம் என்றால் லெட் தானே, உடம்புக்குக் கெடுதல் இல்லையா?’ என்று கேட்கும் இளம் வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. முந்தின தலைமுறை கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். முதலில் சொம்பை எடை போடுங்கள். பிறகு விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் சொம்பை முழுக்க மூழ்கடித்து, வழிகிற தண்ணீரைப் பிடித்து எடை போடுங்கள். 730 கிராம் சொம்பு முழுக்க வெள்ளீயமாக இருந்தால் 100 கிராம் தண்ணீரை வெளியேற்றும். அதே எடையில் 20 சதவீதம் காரீயம் கலந்திருந்தால் 93 கிராம்தான் வழியும். 5 சதவீதக் கலப்பு என்றால் வித்தியாசம் இரண்டு கிராமுக்குள், அடுக்களைத் தராசில் பிடிபடாது. ஆகவே ஆய்வகச் சோதனை அறிக்கை தராத கடையில் ஈயச்சொம்பு வாங்க வேண்டாம். ‘கும்பகோணம் அசல்’ என்ற முத்திரை அறிக்கை ஆகாது.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு நூறை ஒட்டித்தான் நிற்கும், பயமில்லை. உருகுவது எங்கே என்றால், ரசத்தின் மட்டத்துக்கு மேலே தீ நாக்கு தொடும் பக்கவாட்டில். அதனால் சின்ன பர்னர், சின்னத் தீ. முதலில் புளித்தண்ணீர் உள்ளே போக வேண்டும், பிறகுதான் சொம்பு அடுப்புக்குப் போக வேண்டும். நுரை கூடியதும் இறக்கிவிடவும். தாளிப்பு தனிக் கரண்டியில். சொம்பிலேயே நெய் காய்ச்சத் துணிந்தவருக்கு ரசமும் மிஞ்சாது, சொம்பும் மிஞ்சாது. இரவில் அடியில் அரை அங்குலம் மிஞ்சின ரசத்தைச் சுடவைக்க ஏற்றிவிட்டு, கையில் போனோடு கூடத்துக்குப் போவதில்தான் சொம்புகள் அதிகம் போகின்றன.

பித்தளை டபரா செட் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மினுமினுப்புக்கு வார்னிஷ் அடித்திருந்தால் குடிக்க உதவாது. ஈயம் பூசாத பித்தளையில் தயிர், புளி சேர்ந்தது எதையும் வைத்தால் களிம்பேறும். நவச்சாரம் போட்டு ஈயம் பூசுகிறவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுப் பெரிய பித்தளைச் சாமான் வாங்குங்கள்.

இவை இப்படி விலையேறிய அபூர்வப் பொருளானதற்கு இளைஞர்கள் காரணமில்லை. கல்சட்டியைத் தென்னை மரத்தடிக்கு அனுப்பியதும், பித்தளை அண்டாவைப் போட்டு எவர்சில்வர் அடுக்கும் பிளாஸ்டிக் குடமும் வாங்கியதும் அவர்களுடைய தாய் தகப்பன் காலத்தில். தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்த பெண்களுக்கு அது விடுதலையாகவே இருந்தது, அதைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. பாத்திரத்தோடு பக்குவமும் போனதுதான் நஷ்டம். வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: வரவேற்பறை அலமாரியில் வைத்த கல்சட்டி பழகாது. வாரம் இரண்டு முறையாவது அடுப்பேறாத வீட்டுக்கு இந்தத் தொகுப்பு தண்டச்செலவு.

தொகுப்பாக வாங்காதீர்கள் என்பதே என் தீர்ப்பு. முதலில் தோசைக்கல் மட்டும். ஆறு மாதம் அது துருப்பிடிக்காமல் இருந்தால் கல்சட்டி. சொம்பு கடைசியில், அறிக்கையோடு. கல்சட்டி வந்ததும் விரல்கணுவால் தட்டிப் பாருங்கள். ணங்கென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. பிறகு தண்ணீர் நிரப்பி, செய்தித்தாள் மேல் இரவு முழுக்க வைத்து, காலையில் தாளில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் தடவிய சட்டியைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் திருப்பி எடுப்பதில்லை. அதனால் விளக்கெண்ணெய்ப் புட்டியைத் திறப்பதற்கு முன்பே இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.