கேன்சர் மாத்திரை: கம்பெனி ஸ்கீம்ல சேரலாமா, ஜெனரிக் வாங்கலாமா?

போன வருஷம் எங்க அத்தைக்கு லங் கேன்சர்னு தெரிஞ்சப்போ டாக்டர் எழுதிக்குடுத்த மாத்திரை ஒரு பாக்ஸே எங்க வீட்டோட ரெண்டு மாச வருமானம், பயத்துல மாமா நேரா மும்பை பரேல்ல ஒரு மெடிக்கலுக்குப் போய் முழு காசும் குடுத்து வாங்கிட்டு வந்துட்டாரு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த மருந்துக் கம்பெனியே ஒரு ஸ்கீம் வச்சிருக்கு, மூணு மாசத்துக்கு வாங்கினா அடுத்து ஃப்ரீ, ஆனா முன்னாடியே பேர் பதிஞ்சிருக்கணும், பில்லும் அவங்க சொல்ற டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட வாங்கினதா இருக்கணும். மாமா வாங்கின பாக்ஸ் கணக்குலயே வரல. அந்தக் காசு போனது போனதுதான். வேற யாருக்கும் இப்படி ஆகக்கூடாதுன்னுதான் எழுதறேன்.

முதல்ல டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இந்த மாலிக்யூல்ல ஜெனரிக் வந்துருச்சா?" அதாவது, இதே மருந்தை வேற கம்பெனிங்க கம்மி விலைக்குத் தயாரிச்சு விக்கறாங்களா? மத்த எல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்துதான்.

வந்துருச்சுன்னா என்னைப் பொறுத்தவரை ஸ்கீம் பின்னாடி அலைய வேண்டாம். ரத்தக் கேன்சருக்குக் குடுக்கற இமாட்டினிப் கதையே போதும். நோவார்ட்டிஸ் கம்பெனியோட ஒரிஜினல் க்ளிவெக் அப்போ மாசம் ஒரு லட்சத்துக்கு மேல இருந்துச்சு, இங்க தயாரான ஜெனரிக் பத்தாயிரத்துக்குள்ள. நோவார்ட்டிஸ் நிறைய பேருக்கு இலவசமாவும் குடுத்துச்சு, அதை மறைக்கக்கூடாது, எத்தனையோ பேர் அதனால பொழைச்சாங்க. ஆனா ஃபார்ம் போட்டு அப்ரூவல் வாங்கினாதான் அது கிடைச்சுது, ஜெனரிக்னா டாக்டர் சீட்டைக் காட்டினா யாருக்கும் கிடைக்கும். க்ளிவெக்குக்கு நோவார்ட்டிஸ் கேட்ட பேட்டன்ட்டை, அதாவது அவங்க மட்டுமே விக்கற உரிமையை, 2013 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் மறுத்ததாலதான் ஜெனரிக் தடையில்லாம தொடர்ந்து கிடைச்சுது. பிரெஸ்ட் கேன்சருக்குக் குடுக்கற பால்போசிக்ளிப்பும் அப்படித்தான், 2023 ஜனவரில பேட்டன்ட் முடிஞ்சதும் வரிசையா ஜெனரிக் வந்து விலை மளமளன்னு இறங்குச்சு. அதனால பழைய ஸ்கீம்ல இருக்கறவங்களும் வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பக் கணக்குப் போடுங்க, ஃப்ரீ பாக்ஸையும் சேத்து மொத்தமா எவ்வளவு ஆகுதுன்னு.

ஜெனரிக் வரலன்னா கம்பெனி ஸ்கீம்தான், யோசிக்காதீங்க. ஆனா அலைச்சல் இருக்கு. பயாப்ஸி ரிப்போர்ட், டாக்டர் சீட்டு, ஆதார் எல்லாம் கேப்பாங்க, சிலதுல வருமானச் சான்றும் கேப்பாங்க, மருந்து இன்னும் வேலை செய்யுதுன்னு டாக்டர் அப்பப்போ கையெழுத்துப் போடணும். எங்க அத்தை காலி ஸ்ட்ரிப் ஒண்ணுகூட விடாம ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு சாமி அலமாரில வச்சிருப்பாங்க, அதைத் திருப்பிக் குடுத்தாதான் அடுத்த பாக்ஸ். ஒரு தடவை ரெண்டு ஸ்ட்ரிப் குறைஞ்சு, சயான்லேர்ந்து ரெண்டு நாள் அலைஞ்சோம். இன்னொண்ணு, எத்தனை மாசம் வாங்கினா எத்தனை மாசம் ஃப்ரீ, ஸ்கீம் நின்னா என்ன பண்றதுன்னு சேரும்போதே எழுத்துல வாங்கிடுங்க.

மும்பை டாடா கேன்சர் ஹாஸ்பிடல்ல ஃபைல் இருந்தா உள்ளயே இருக்கற டிஸ்பென்சரி விலையை முதல்ல கேளுங்க, வெளி மெடிக்கலை விட நல்லாவே கம்மி. டெல்லி எய்ம்ஸ்ல 2015ல ஆரம்பிச்ச அம்ரித் பார்மசியும் இதே மாதிரிதான். அரசாங்கத்தோட மலிவு மருந்துக் கடையான ஜன் ஔஷதி சுகர், பிபி மாத்திரைக்கு அருமை, கேன்சரோட புது மாத்திரைக்கு அதை நம்பி உக்காராதீங்க.

ட்ரஸ்ட், அரசாங்க உதவின்னா டாடாலயே மெடிக்கல் சோஷியல் வொர்க்கர்களைப் பாருங்க, நல்லாப் பேசுவாங்க, எந்த ட்ரஸ்டுக்கு எழுதலாம்னு சொல்லுவாங்க. மகாராஷ்டிரா அரசாங்கத்தோட இலவச சிகிச்சைத் திட்டமான மகாத்மா ஃபுலே திட்டத்துக்குப் பெரும்பாலும் மகாராஷ்டிரா ரேஷன் கார்டு கேப்பாங்க. தாராவில எத்தனையோ பேருக்கு கார்டு இன்னும் திருநெல்வேலிலதான் இருக்கு, நோய் வந்தப்புறம் மாத்த ஓடறது ரொம்பக் கஷ்டம், இப்பவே மாத்தி வச்சிருங்க.