சிமாட்டிக் எஸ்5-115யூ: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

சீமென்ஸ் 1979இல் கொண்டுவந்த எஸ்5, ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி வரிசை. அதில் 115யூ நல்ல உழைப்பாளி. தூசியும் சூடும் நிறைந்த பேனலிலும் வருடக்கணக்கில் ஓடும். தொல்லையெல்லாம் உள்ளே இருக்கும் புரோகிராமைப் பத்திரமாக வெளியே எடுப்பதில்தான்.

என்ன மாட்டியிருக்கிறது என்பதை 6இஎஸ்5 என்று தொடங்கும் எண் சொல்லிவிடும். அடுத்த மூன்று இலக்கம் 941 முதல் 944 வரை என்றால் சிபியூ. 951 பவர் சப்ளை. 430 டிஜிட்டல் இன்புட், 451 டிஜிட்டல் அவுட்புட், 460 அனலாக் இன்புட். மாற்று வாங்கக் கடைசி எழுத்துவரை வேண்டும், போட்டோ எடுத்துவையுங்கள்.

பவர் சப்ளையில் மஞ்சள் விளக்கு எரிந்தால் பேட்டரி தீர்ந்துவருகிறது. மின்சாரம் இருக்கும்போதே மாற்றுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கழற்றினால் ரேமில் இருந்தது போய்விடும். சிபியூ ஸ்டாப்பில் நின்றுவிடும். மின்சாரம் போனாலும் அழியாத ஈப்ராம் நினைவகம் செருகியிருந்தால் புரோகிராம் தப்பும். ஆனால் ஓட்டத்தின்போது டேட்டா பிளாக்கில் (அளவுகளைச் சேமிக்கும் பகுதி) மாற்றியவை தப்பாது. ஈப்ராம் கண்ணாடிமேல் ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்கவே கூடாது, வெளிச்சம் பட்டுப் பட்டு அழிந்துவிடும்.

அதிக நேரத்தைத் தின்பது லேப்டாப்பை இணைக்கும் கேபிள்தான். சிபியூவின் 15 பின் போர்ட் 20 மில்லி ஆம்பியர் கரண்ட் லூப், அதாவது மின்னோட்டத்தால் தகவல் அனுப்பும் வகை. கணினியின் ஆர்எஸ்-232 சீரியல் கேபிளை நேராக மாட்டினால் பேசாது, கன்வெர்ட்டர் வேண்டும். வேகம் 9600, ஈவன் பாரிட்டி. லூப்புக்கான மின்னோட்டத்தை ஏதாவது ஒரு பக்கம் தரவேண்டும். இரு பக்கமும் காத்திருந்தால் இணைப்பே வராது. மலிவான யுஎஸ்பி அடாப்டர் பாதியில் அறுத்துவிடும். நிஜமான காம் போர்ட் உள்ள பழைய லேப்டாப்பே மேல். எஸ்5 புரோகிராமைப் படிக்கவும் எழுதவும் உதவும் டாஸ் மென்பொருளான ஸ்டெப் 5, 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது.

இணைப்பு கிடைத்ததும் எதையும் திருத்தாமல் புரோகிராமின் எல்லா பிளாக்கையும் (பகுதிகளையும்) இறக்கி, சிபியூவில் உள்ளதோடு கம்பேர் செய்துவிடுங்கள். கமென்ட்டும் சிம்பலும் (முகவரிகளுக்கு வைத்த பெயர்கள்) சிபியூவில் இருப்பதில்லை. வெறும் முகவரிதான் வரும். அதனால் பழைய பிளாப்பி கிடைத்தால் புதையல். புரோகிராம் உள்ள, எஸ்டி.எஸ்5டி என்று முடியும் கோப்போடு நிறுத்தாமல், பெயரின் முதல் ஆறெழுத்து அதேயாக உள்ள இசட்0 கோப்புகளையும் சேர்த்து நகலெடுங்கள், சிம்பல் அதில்தான்.

படிக்கும்போது மொழியைக் கவனியுங்கள். ஆங்கில அமைப்பில் ‘ஏ’ என்றால் அண்ட். ஜெர்மன் அமைப்பில் அதே எழுத்து அவுட்புட். அச்சிட்ட பழைய லிஸ்ட் ஜெர்மனில் இருந்தால் இங்கேதான் குழம்பும். டைமரில் கேடி 050.1 என்பது 50 வினாடி இல்லை, 5 வினாடி. புள்ளிக்குப் பின்னுள்ள 1, பத்தில் ஒரு வினாடி என்ற அலகு.

அடுத்த வரிசையான எஸ்7க்குப் புரோகிராமை மாற்றும் கன்வெர்ட்டர் மென்பொருள் எஸ்டி.எஸ்5டி கோப்போடு, எந்த முகவரி எங்கே பயன்படுகிறது என்ற கிராஸ் ரெஃபரன்ஸான எக்ஸ்ஆர்.ஐஎன்ஐ கோப்பையும் கேட்கும். எஸ்5இல் டேட்டா முகவரி வேர்டு (இரண்டு பைட்) கணக்கு, எஸ்7இல் பைட் கணக்கு. டிடபிள்யூ 5 (டேட்டா வேர்டு 5) இருந்த இடம் டிபிடபிள்யூ 10 ஆகும். ஆபரேட்டர் பேனலில் டேட்டா பிளாக்கைப் படிக்கும் டேக் முகவரிகளையும் அப்படியே இரட்டிப்பாக்க வேண்டும்.