தோப்புக்கு எது சரி: மினி டிராக்டரா, பாப்கேட்டா?

ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு, நடுவில் வீடு, நாலு மாடு, சுற்றிலும் கல்கால் வேலி. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் இப்படி இடம் வைத்திருப்பவர் வண்டி வாங்கக் கிளம்பினால் இரண்டு பேச்சுதான் காதில் விழும். ஒன்று 24 முதல் 28 குதிரைத்திறன் மினி டிராக்டர்: குபோட்டா பி2441, மஹிந்திரா ஜிவோ 245, ஜான் டீர் 3028இஎன் வகையறா. இன்னொன்று ஸ்கிட் ஸ்டியர் லோடர், அதாவது முன்னால் பக்கெட் வைத்து மண் அள்ளும் சின்ன வண்டி. மண் தோண்டும் மஞ்சள் வண்டி எந்தக் கம்பெனியானாலும் 'ஜேசிபி' ஆகிவிட்ட மாதிரி, ஸ்கிட் ஸ்டியர் எதுவானாலும் நம் ஊரில் 'பாப்கேட்'தான். இங்கே ஒப்பிட எடுத்துக்கொண்டது பாப்கேட் எஸ்450 அளவு வண்டி: 49 குதிரைத்திறன், சுமார் 2.4 டன் எடை, 600 கிலோ இயக்கச் சுமை (பத்திரமாகத் தூக்கும் பாரம்).

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். டிராக்டரை வாங்குங்கள், பாப்கேட்டை மணி வாடகைக்குக் கூப்பிடுங்கள். இருபது முப்பது மாடு, சிமென்ட் தளம், தினமும் சாணம் அள்ளும் வேலை என்றிருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

காரணம் டிராக்டரின் பின்பக்கத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் பிடிஓ தண்டில், அதாவது இன்ஜின் விசையைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கடத்தும் தண்டில், மண் கிளறும் ரொட்டவேட்டர், மருந்தடிக்கும் பம்ப், புல்வெட்டி எல்லாம் ஓடும், டிரெய்லரும் இழுக்கும். பாப்கேட்டில் பிடிஓ கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி ஹைட்ராலிக் மோட்டார் வேண்டும், விலையும் அங்கேதான் ஏறும். 24 குதிரைத்திறனுக்கு மூன்றரை, மிஞ்சினால் நாலடி ரொட்டவேட்டர் போதும். கடைக்காரர் ஐந்தடியைத் தலையில் கட்டினால் ஈரக் களிமண்ணில் இன்ஜின் திணறும். பெரிய மட்டை அரைக்கும் இயந்திரங்கள் பல 35 குதிரைத்திறனுக்கு மேல் கேட்கும். அதை நம்பி மினி டிராக்டர் வாங்க வேண்டாம்.

தோப்பு மண்ணுக்கும் பாப்கேட்டுக்கும் ஒத்துவராது. அதன் நாலு சக்கரமும் நேராகவே நிற்கும், ஸ்டியரிங் திரும்பாது. இடப்பக்கச் சக்கரங்களுக்கு ஒரு மோட்டார், வலப்பக்கத்துக்கு ஒரு மோட்டார். ஒருபக்கம் வேகம், மறுபக்கம் மெதுவு, அல்லது ரிவர்ஸ். அப்படித்தான் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. திரும்பும்போதெல்லாம் டயர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே போகும். மழைக்குப் பின் செம்மண்ணில் நாலு தடவை திரும்பினால் கணுக்கால் ஆழத்துக்குப் பள்ளம். மேலோடிய தென்னை வேரும் 16 மில்லிமீட்டர் சொட்டுநீர்க் குழாயும் அதோடு போச்சு. பாக்குத் தோப்பில் ஒன்பதடி இடைவெளியில் ஐந்தடி அகல பக்கெட்டை வைத்துக்கொண்டு திரும்பவே முடியாது. ஒரு மீட்டர் சொச்சம் அகலமுள்ள மினி டிராக்டர் அங்கே நிம்மதியாகப் போய்வரும்.

அள்ளிப் போடும் வேலையில் மட்டும் பாப்கேட்டை நெருங்க முடியாது. 12 கன அடி பக்கெட்டில் ஈர மண் ஏறக்குறைய 575 கிலோ நிற்கும். ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, எட்டு ஒன்பது நடையில் முடியும். மினி டிராக்டரில் பட்டறையில் செய்து மாட்டிய முன் லோடர் ஐந்து கன அடி அள்ளினாலே பெரிசு, இருபது நடை. டிராக்டரின் சின்ன ஹைட்ராலிக் பம்பு வேறு லோடர் கையை மெதுவாகத்தான் தூக்கும். பாரம் முழுக்க முன் அச்சில் இறங்கும். முதலில் போவது முன் அச்சு ஆயில் சீல். பின்னால் ரொட்டவேட்டரையோ 200 கிலோ கான்கிரீட் பெட்டியையோ மாட்டாமல் லோடரைத் தொடக் கூடாது.

இயக்கச் சுமை 600 கிலோ என்றால் வண்டி கவிழும் பாரத்தில் பாதி என்று அர்த்தம். ஆகவே சரிவில் பாரமான முனை எப்போதும் மேட்டைப் பார்க்க இருக்க வேண்டும். பக்கெட் காலியாக இருந்தால் பின்பக்கம்தான் கனம், மேடேறுவது ரிவர்ஸில். பக்கெட் நிறைந்திருந்தால் முன்னோக்கி ஏறி, ரிவர்ஸில் இறங்க வேண்டும். இதை மாற்றிச் செய்யும் ஓட்டுநரைப் பார்த்தால் அன்றைக்கே வேலையை நிறுத்திவிடுங்கள்.

வேலிக் குழிக்கு வருவோம். சதுரமான ஒரு ஏக்கரின் சுற்றளவு 835 அடி. பத்தடிக்கு ஒரு கல் என்றால் 84 குழி. டிராக்டர் பிடிஓவில் ஓடும் குழிதோண்டிக்கு ரிவர்ஸ் இல்லை. வேரிலோ கல்லிலோ மாட்டினால் திருகாணி மாதிரி மண்ணுக்குள் தானே இறங்கிப் பூட்டிக்கொள்ளும். பிடிஓவை விடுவித்து, இன்ஜினை நிறுத்திவிட்டு, பைப் ரெஞ்ச் போட்டுக் கையால் பின்னோக்கிச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். பாரம் மிஞ்சினால் தானே உடைந்து மற்ற பாகங்களைக் காக்கும் ஷியர் போல்ட் அடிக்கடி உடைகிறதே என்று கெட்டியான 8.8 கிரேடு போல்ட்டைப் போட்டுவிடுவார்கள். அடுத்து உடைவது கியர்பாக்ஸ். பாப்கேட்டின் ஹைட்ராலிக் குழிதோண்டிக்கு ரிவர்ஸ் உண்டு, மாட்டினால் சுவிட்சைத் திருப்பி மேலே எடுத்துவிடலாம். வேலி வேலை மொத்தத்தையும் ஒரே நாளில் சேர்த்து வாடகைப் பாப்கேட்டில் முடிப்பதே லாபம். வண்டி லாரியில் வந்து போகிற கூலியை அன்றைய மண் வேலையோடு பகிர்ந்துகொள்ளலாம்.

டீசல் வேலையைப் பொறுத்தது. நடுத்தர வேலையில் மினி டிராக்டர் மணிக்கு இரண்டரை, மூன்று லிட்டர். பாப்கேட் ஐந்து முதல் ஏழு. வரியும் உண்டு: 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், ஸ்கிட் ஸ்டியருக்கு 18.

பழைய பாப்கேட் வாங்கியே தீருவேன் என்பவர்கள் மணி மீட்டரை நம்ப வேண்டாம். பக்கெட்டைத் தரையில் வைத்து லோடர் கையை லேசாக ஏற்றி இறக்கச் சொல்லிவிட்டு, எட்ட நின்று மூட்டுகளில் உள்ள இரும்புப் பின்களைப் பாருங்கள். அந்தப் பின் அசையாமல் நிற்க, கை மட்டும் ஆடினால் பின்னைச் சுற்றியுள்ள புஷ் தேய்ந்திருக்கிறது. பிறகு வண்டியைக் கட்டையில் ஏற்றி, இன்ஜினை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகமாக ஆடினால் மோட்டாரிலிருந்து சக்கரங்களைச் சுழற்றும் அந்தப் பக்கத்துச் செயின் நீண்டுவிட்டது. சக்கரத்துக்கும் அச்சுக் கூட்டுக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள்: தேங்காய் நாரும் சொட்டுநீர்க் குழாயும் சுற்றிக் கிடந்தால், உள்ளே ஆயில் சீல் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். பக்கெட் பூட்டும் இரண்டு லீவரையும் இறக்கியபின், அடியில் இரண்டு ஆப்பும் துளைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றனவா என்று கண்ணால் பார்க்கவும். லீவர் மடங்கியிருந்தும் ஆப்பு வெளியே வராவிட்டால், பூட்டு தேய்ந்திருக்கும் அல்லது துளையில் மண் அடைத்திருக்கும். அந்த நிலையில் பக்கெட்டைத் தூக்கச் சொல்லாதீர்கள், கீழே யாரும் நிற்கவும் விடாதீர்கள்.