இலை ஏற்ற எந்த வண்டி: தோஸ்த்தா, பழைய பிக்கப்பா, குட்டி யானையா?

ஆடியில் தேட ஆரம்பித்து ஐப்பசியில்தான் வண்டி வீட்டு வாசலுக்கு வந்தது. சோழவந்தான் பக்கத்துத் தோட்டங்களில் வாழை இலையும் தாரும் வாங்கி மதுரை மாட்டுத்தாவணிக்குக் கொண்டுபோவது என் தொழில். சாயங்காலம் கட்டிய இலைக்கட்டு விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் மார்க்கெட்டில் இறங்கிவிட வேண்டும். தேனூர், சமயநல்லூர் வழியாக முப்பது கிலோமீட்டருக்குள் முடிகிற ஓட்டம். இலை மட்டும் என்றால் பாரம் பெரிதில்லை. தார் சேர்ந்தால் அப்படியில்லை. தாருக்குப் பதின்மூன்று கிலோ என்று வைத்தாலும் தொண்ணூறு தார் 1,170 கிலோ ஆகிவிடும்.

மூன்று வண்டிகளைப் பார்த்தேன். புது குட்டி யானை (டாடா ஏஸ்), புது அசோக் லேலண்ட் தோஸ்த் பிளஸ், நான்கு வருஷம் ஓடிய ஒரு மஹிந்திரா பொலிரோ பிக்கப். எடுத்தது தோஸ்த். எடுத்ததிலிருந்து தெரிந்தவர்கள் ஆளாளுக்குக் கேட்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். மைலேஜ், இழுவை, இருக்கை எல்லாவற்றையும் பார்த்தேன் என்றாலும் என்னை முடிவெடுக்க வைத்தது ஒன்றுதான்: ஐந்து வருஷம் கழித்து இந்த வண்டியை விற்கப் போகும் நாள்.

மற்ற விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மூன்றுமே கார் லைசென்ஸில் ஓட்டலாம். பாரத்தோடு சேர்த்து 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டிக்கு இலகுரக வாகன லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்த்துச் சொல்லிவிட்டது. மெக்கானிக் மூன்றுக்கும் மதுரையில் கிடைப்பார். உதிரிப்பாகம் மூன்றுக்கும் கிடைக்கிறது.

குட்டி யானையை இரண்டே நாளில் ஒதுக்கினேன், குறை கண்டு அல்ல. 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகுதான் இந்த அளவு வண்டிக்கு ஒரு சந்தையே உருவானது. அதன் செல்லப்பெயர் இன்றைக்கு நம் ஊரில் எல்லாச் சின்ன லோடு வண்டிக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. 2025 ஜூனில் வந்த ஏஸ் ப்ரோ 3.99 லட்சத்தில் ஆரம்பித்தது. 694 சி.சி., இரண்டு சிலிண்டர், 750 கிலோ பாரம். தண்ணீர் கேன், மளிகை, பால், மல்லிகைப்பூ என்று எடை குறைந்த சரக்கு எடுக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம், டியூவும் சின்னதாக இருக்கும். எனக்குத் தார் இருக்கிறதே. 750 கிலோ வண்டியில் 1,170 கிலோ ஏற்றினால் பாரம் தாங்கும் கமான் பட்டையும் டயரும் கிளட்சும் வருஷா வருஷம் செலவு வைக்கும். அது போக, 2019 சட்டத் திருத்தத்தின்படி கூடுதல் பாரத்துக்கு அபராதமே 20,000 ரூபாயில்தான் ஆரம்பிக்கிறது. அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரு தடவை மாட்டினால் ஒரு முகூர்த்தத்தின் மொத்த லாபமும் போய்விடும்.

ஆக, போட்டி புது தோஸ்த்துக்கும் பழைய பிக்கப்புக்கும்தான்.

உண்மையில் என் மனது முதலில் பிக்கப் மேல்தான் இருந்தது. 2021 மாடல், ஒரே ஓனர், 1.7 டன். 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜின். தொட்டி ஒன்பதடி இருக்கும். 2025 ஆகஸ்டில் 6.75 லட்சம் கேட்டார்கள், அட்வான்ஸ் கொடுக்கப் பணத்தைக்கூட எடுத்து வைத்திருந்தேன். அந்த வாரம்தான் சுதந்திர தினப் பேச்சில் பிரதமர், தீபாவளிக்குள் ஜி.எஸ்.டி. குறையும் என்றார். கொஞ்சம் பொறு என்று அப்பா சொன்னார். பொறுத்தேன். செப்டம்பர் 3 அன்று ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்தது, 22-ஆம் தேதியிலிருந்து சரக்கு வண்டிகளுக்கு 28 சதவீதம் 18 ஆனது. 128 ரூபாய்க்கு விற்ற பொருள் 118 ரூபாய்க்கு வந்த மாதிரி. நான் பார்த்த தோஸ்த்தின் ஷோரூம் விலையில் ஏறத்தாழ 60 ஆயிரம் இறங்கியது.

இதில் என்னைப் போன்றவர்களுக்கு இன்னொரு சங்கதி உண்டு. கம்பி, சிமென்ட் வியாபாரம் செய்கிறவர் லோடு வண்டிக்குக் கட்டிய வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பச்சை இலைக்கும் வாழைக்காய்க்கும் வரி கிடையாது என்பதால் எங்களுக்கு அந்தக் கழிவும் கிடையாது. வண்டிக்குக் கட்டும் வரி எங்கள் கையை விட்டுப் போனதுதான். அதனால் இந்தப் பத்து சதவீதம் விவசாயிக்கும் எங்களுக்கும் நேரடியாக மிஞ்சும் பணம். இதை நான் மனதார வரவேற்கிறேன்.

புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் இறங்கத்தானே வேண்டும்? இறங்கியது, ஆனால் அரை மனதோடு. 6.75 கேட்டவர் 6.40-க்கு வந்து நின்றுகொண்டார். அங்கேதான் நான் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

இப்போது விற்கும் நாளைப் பற்றிச் சொல்கிறேன். இதை நான் கற்றுக்கொண்டது போன பழைய வண்டியை விற்றபோது. எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே முக்கியமில்லை. காலை ஏழு மணிக்கு வந்த புரோக்கர் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லவே இல்லை. நேராகப் பின்னால் போய்க் குனிந்தார். கையில் இருந்த ஸ்பேனரால் தொட்டியின் அடித்தகட்டைத் தட்டிக்கொண்டே வந்தார். முதல் இரண்டடி வரைக்கும் கணீர் கணீர் என்றது. நடுவில் வந்ததும் சத்தம் மாறி, அட்டையைத் தட்டுகிற மாதிரி மொத்தென்று கேட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“என்னண்ணே, இலை வண்டியா?”

“ஆமா தம்பி, எப்படிச் சொல்ற?”

“தண்ணி நின்னு நின்னு தகடு பூரா அரிச்சிருச்சுண்ணே. இத மாத்தித்தான் அடுத்த ஆளுகிட்டக் காட்ட முடியும்.”

அதோடு நாற்பதாயிரம் போச்சு. இலை வாடாமல் இருக்கத் தெளிக்கிற தண்ணீரும், தாரின் காம்பிலிருந்து வடிகிற சாறும் ஏழு வருஷமாக அந்தத் தகட்டைத் தின்றிருக்கின்றன. வாரா வாரம் வண்டியைக் கழுவியிருக்கிறேன், ஆனால் தொட்டியை உலர்த்தியதே இல்லை.

அதைவிடப் பெரிய அடி காகிதத்தில் விழுந்தது. கடைசி டியூ கட்டி முடித்தும் ஃபைனான்ஸிலிருந்து தடையில்லாச் சான்று வர இரண்டு மாதம் ஆனது. அந்தச் சான்றும் 35-ஆம் படிவமும் இருந்தால்தான் ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவை நீக்க முடியும். நீக்காத வண்டியை எவரும் முழு விலைக்கு வாங்க மாட்டார். நல்ல விலைக்குக் கேட்டிருந்த மேலூர்க்காரர் வேறு வண்டி பார்த்துக்கொண்டு போய்விட்டார். கடைசி டியூ கட்டிய அன்றே எழுதிக் கேட்டு வாங்குங்கள். விற்கிற நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

இந்த அனுபவத்தோடுதான் இரண்டு வண்டியையும் 2030-ல் நிறுத்திப் பார்த்தேன். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை எஃப்.சி. (ஓடத் தகுதியான வண்டி என்ற சான்று) இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. எட்டைத் தாண்டினால் வருஷா வருஷம். ஒவ்வொரு எஃப்.சி.க்கும் பெயின்ட், டிங்கரிங், பிரேக், லைட் என்று வேலை பார்த்துத்தான் கொண்டுபோக வேண்டும், அந்த நாட்களில் ஓட்டமும் இல்லை. அதனால்தான் ஏழு வயது வண்டிக்கும் ஒன்பது வயது வண்டிக்கும் விலையில் அவ்வளவு இடைவெளி. இன்னொன்று, முன்பு பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்குத்தான் எஃப்.சி.க்குக் கூடுதல் கட்டணம். 2025 நவம்பரில் அதைப் பத்து வருஷத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். இனி ஒன்பது வயது வண்டியை வாங்க வருகிறவர், அடுத்த வருஷமே இந்தச் செலவு வரும் என்று கணக்குப் போட்டுத்தான் பேசுவார்.

2021 பிக்கப் 2030-ல் ஒன்பது வயது. 2025 தோஸ்த்துக்கு அப்போது ஐந்துதான், எட்டு வயதுக்கு இன்னும் மூன்று வருஷம் பாக்கி. பிக்கப்புக்கு மூன்று லட்சம் கிடைக்கலாம், தோஸ்த்துக்கு நாலரை கிடைக்கலாம் என்று நோட்டில் எழுதினேன். இது என் ஊகம்தான், ஐம்பதாயிரம் முன்னே பின்னே ஆகும். அந்த ஊகப்படி பிக்கப்பில் 6.40 போட்டு 3.40 இழக்கிறேன். தோஸ்த் ரோட்டுக்கு வர 8.20, இழப்பு 3.70. ஐந்து வருஷத்துக்கு வித்தியாசம் முப்பதாயிரம். ஒரு கிளட்ச் வேலை, நான்கு டயர் என்று பழைய வண்டி அதை முதல் இரண்டு வருஷத்திலேயே கேட்டுவிடும்.

வட்டியையும் பார்த்தேன். இரண்டுக்கும் கைப்பணம் இரண்டு லட்சம் என்று வைத்துக்கொண்டேன். பழைய வண்டிக்கு 4.40 லட்சம் கடன், நான்கு வருஷம், 10 சதவீதம் பிளாட் வட்டி (முழு அசலுக்கும் கடைசி வரை போடுவது) என்றார்கள். வட்டி மட்டும் 1.76 லட்சம். புது வண்டிக்கு 6.20 லட்சம் கடன், 7 சதவீதம் பிளாட், வட்டி 1.74 லட்சம். கூடுதலாக 1.80 லட்சம் கடன் வாங்கியும் வட்டி கூடவில்லை! பிளாட் என்ற சொல்லில் ஏமாந்துவிடாதீர்கள். அசல் குறையக் குறைய வட்டி போடும் வங்கிக் கணக்கில் அந்த 7 என்பது சுமார் 12.7, 10 என்பது 17.6. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள், வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியான ரெப்போ விகிதத்தை 6.5-லிருந்து 5.5-க்குக் குறைத்தது. பழைய வண்டிக் கடன் கொடுப்பவர்கள் யாரும் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

மாதா மாதம் கட்டுவது என்று பார்த்தால் பிக்கப்தான் லேசு. அதற்கு 12,833, தோஸ்த்துக்கு 16,533. மாதம் 3,700 கூடுதல். மார்கழியில் முகூர்த்தம் இல்லாமல் இலை தேங்கும்போது இந்த 3,700 உறைக்கிறது. கையில் கொஞ்சம் இருப்பு இல்லாதவர் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், யாருக்கு விற்கப் போகிறோம் என்பதும் உண்டு. நான் பார்த்தவரை பழைய பிக்கப்பைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் தேனி, கொடைக்கானல் பக்கத்துக் காய்கறிக்காரர்கள். நல்ல விலை கொடுப்பார்கள், ஆனால் மலை ஏறுகிற வண்டி என்பதால் இன்ஜினைக் குடைந்து பார்ப்பார்கள். தோஸ்த்துக்கு மதுரைக்குள்ளேயே ஆள் இருக்கிறது. பந்தல்காரர், மரக்கடை, ஹார்டுவேர்க்காரர், பாத்திரக்கடை. மாசி வீதிகளுக்குள் திருப்ப வேண்டிய சரக்குக்கு அகலம் குறைந்த வண்டிதான் கேட்கிறார்கள். பத்து பேர் கேட்கிற வண்டியை அவசரத்துக்கு விற்கலாம். இரண்டு பேர் கேட்கிற வண்டி என்றால் அந்த இரண்டு பேருக்காகக் காத்திருக்க வேண்டும்.

பாரத்தோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்பதும் இதோடு சேர்கிறது. ஒன்றரை டன் ஏற்றும் தோஸ்த் பிளஸ் அதற்குள் நின்றுவிடுகிறது. 1.7 டன் பிக்கப் தாண்டிவிடும். வாங்குகிற அடுத்தவருக்கும் ஒரு காகித வேலை குறைவு.

பிக்கப் ஜெயிக்கிற இடத்தையும் சொல்லியாக வேண்டும். தேனிப் பக்கம் லோடு கிடைத்தால் உசிலம்பட்டி தாண்டி ஆண்டிப்பட்டி கணவாய் ஏற வேண்டும். விலை பேசிய நாட்களில் ஒரு தடவை பிக்கப்பை அங்கே பாரத்தோடு ஓட்டிப் பார்த்தேன், கியரைக் குறைக்கவே யோசிக்க வேண்டியதில்லை. தோஸ்த்தின் ஒன்றரை லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின் ஏறும், ஆனால் நிதானமாகத்தான் ஏறும். வாரத்தில் நான்கு நாள் மலை ஓட்டம் உள்ளவர் என்றால் பிக்கப்பைப் புதிதாகவே எடுக்கட்டும். பழையதில் எனக்கு இருந்த பயம் இன்ஜின் அல்ல, புகைக்கரி ஃபில்டர். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில் அந்த ஃபில்டர் சூடேறிக் கரியை எரித்துக்கொள்ள அவ்வப்போது நிற்காத ஓட்டம் வேண்டும். முந்தைய ஓனர் டவுனுக்குள்ளேயே நிறுத்தி நிறுத்தி ஓட்டினாரா, எச்சரிக்கை விளக்கு எரிந்தும் கவனிக்காமல் விட்டாரா என்பதைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

மாருதி சூப்பர் கேரியின் சி.என்.ஜி. வண்டியையும் ஏஸின் மின்சார வண்டியையும் கேட்கிறார்கள். சூப்பர் கேரியை ஒரு நாள் ஓட்டியிருக்கிறேன், கார் மாதிரி ஓடியது. அதுவும் முக்கால் டன்னைத் தாண்டாது என்பதால் எனக்குச் சரிவராது. மின்சார வண்டியை நான் ஓட்டியதில்லை. அதற்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், தினமும் ஒரே வழியில் போய் வருகிறவருக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆனால் எட்டு வருஷம் ஓடிய பேட்டரியோடு ஒரு மின்சார லோடு வண்டி மதுரையில் கைமாறி நான் இன்னும் பார்க்கவில்லை. பார்த்த பிறகு பேசுகிறேன்.

வண்டி வந்த மறுநாள் முதல் வேலையாகத் தொட்டி முழுக்கத் துருத்தடுப்புப் பெயின்ட் இரண்டு கோட் அடித்து, அதன் மேல் கனமான ரப்பர் ஷீட் விரித்தேன். பின்கதவுப் பக்கம் தண்ணீர் வடிய இரண்டு துளை போட்டிருக்கிறேன். லோடு இறக்கியதும் ஷீட்டைச் சுருட்டி, பின்கதவைத் திறந்து, வெயில் படுகிற மாதிரி நிறுத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் நடுத்தகட்டைத் தட்டிப் பார்க்கிறார்.